தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி

வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிக்காட்டில், 1900-க்கு முன் ஒருவனை வெறிநாய் கடித்தால் மந்திரிப்பதும் பச்சிலையும்தான் கதி. அந்த ஆண்டு இமயமலைச் சாரலில் கசௌலியில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. ஏற்பட்டு என்ன? வெள்ளாற்றிலிருந்து கசௌலி, காசியைவிடத் தூரம்!

1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண் வெறிநோயால் இறந்தாள். அதன் பிறகுதான் தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டுமென்று சர்க்காருக்குத் தோன்றியது. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கர் தந்த நன்கொடையிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் கிடைக்க, 1907இல் குன்னூர் நிலையம் திறந்தது. அதற்கு முன் செத்த நம்மவர்களின் கணக்கு யார் காதிலும் விழவில்லை போலும்.

1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் ஒரு வழி கண்டார். பிராணியின் மூளையில் கிருமியை வளர்த்து, கார்பாலிக் அமிலத்தால் கொன்று, அந்த மூளைக் கரைசலையே மருந்தாக்கினார். நம் நாட்டில் அது ஆட்டு மூளை. மருந்தை வெளியூர்களுக்கு அனுப்ப முடிந்ததால், நோயாளி மலையேற வேண்டிய அவசியம் போயிற்று. தொப்புளைச் சுற்றிப் போடும் பதினான்கு ஊசி பட்டிதொட்டியெல்லாம் பழகிய பேச்சாயிற்று.

ஆனால் ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குக் கால் மரத்தது. எழுந்து நிற்க முடியவில்லை. சிலர் இறந்தும் போனார்கள். கிருமியோ செத்த கிருமி. பின் குற்றவாளி யார்?

கூடவே போன மூளைதான். நரம்பைப் போர்த்தியிருக்கும் உறையில் பெரும்பகுதி கொழுப்பு. ஆட்டுக்கும் மனிதனுக்கும் அதில் அதிக பேதமில்லை. அந்நியச் சரக்கு வந்துவிட்டதென்று உடம்பு எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. அது ஆட்டுச் சரக்கோடு நில்லாமல் சொந்த நரம்பையும் தாக்குகிறது. வேலிக்கு வைத்த காவலாளே வீட்டுக்காரனை அடித்த கதை. இப்படி முடங்கியவர்களின் ரத்தத்தைத் தாய்லாந்தில் சோதித்து 1987இல் எழுதினார்கள். துனீசிய ஆய்வு 1998இல் வந்தது. நரம்புறைப் புரதத்துக்கு மட்டுமல்ல, காங்கிளியோசைடு என்ற நரம்புக் கொழுப்புக்கும் எதிர்ப்பொருள் அங்கே இருந்தது. ஊசியே போடாதவர்களைத் திடீரென்று முடக்கும் கில்லன்-பாரே நோயிலும், பலரிடம் இதே வகை எதிர்ப்பொருள்தான் அகப்படுகிறது.

இதற்காகச் செம்பிளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. வெறிநோய் கண்டபின் பிழைப்பது அநேகமாக இல்லை. முடக்கம் வந்தவர்களோ மிகச் சிலர். என் கோபம் வேறு. நரம்புறை முற்றாத எலிக்குஞ்சின் மூளையில் மருந்து செய்யலாமென்று 1950களிலேயே சிலி நாட்டில் காட்டிவிட்டார்கள். மூளையே கலவாத மருந்தும் பின்னர் வந்தது. அதை விலை கொடுத்து வாங்க முடிந்தவன் வாங்கிக்கொண்டான். தர்ம ஆஸ்பத்திரிக்குப் போன ஏழைக்கு 2004 வரை ஆட்டு மூளைதான்.

அந்த ஆண்டின் இறுதியோடு இந்தியாவில் அது நின்றது. இப்போது ஊசியைப் புஜத்தில் போடுகிறார்கள்.