நாரும் பிசினும் நீரும்: போதிகை மசகிடலின் வரலாறு

சுழலும் அச்சு, தன்னைத் தாங்கும் போதிகையோடு உராயாதிருத்தல் அரிது. உராய்வு வெப்பத்தைப் பிறப்பிக்கும். வெப்பமும் தேய்வும் சேர்ந்து பொறியை அழிக்கும். ஆதலால் அச்சுக்கு எண்ணெயிடல் வேண்டும் என்பதை மாட்டுவண்டி ஓட்டுபவனும் அறிவான். ஆயினும் மசகு என்பது எண்ணெயே என்னும் எண்ணம் உலோகப் போதிகைகளோடு வளர்ந்ததொன்றாகும். நாரினால் வலுவூட்டப்பட்ட பிளாத்திக்கு பொறியுறுப்பாகப் புகுந்தபோது அவ்வெண்ணம் திருத்தம் பெற்றது. இரும்புக்குப் பகையாகிய நீர், ஆண்டுச் சிறந்த மசகாயிற்று.

இம்மாற்றத்துக்கு முன்னோடியாய் அமைந்தது ஒரு மரமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், திருகுசுழலியால் இயங்கும் நீராவிக் கப்பல்களிலே, பின்புற அச்சைத் தாங்கிய பித்தளைப் போதிகைகள் விரைவில் தேய்ந்து போயின. ஆங்கிலப் பொறியியலாளரான ஜோன் பென் 1850களில் இதற்கு வழி கண்டார். மேற்கிந்தியத் தீவுகளில் வளரும் 'லிக்னம் வைற்றே' என்னும் மரத்தின் கீற்றுகளைப் போதிகையுள் பதித்துக் கடல்நீரையே அவற்றினிடையே பாயவிட்டார். நீரில் அமிழ்ந்துபோகுமளவுக்குக் கனமான அம்மரம் தன்னகத்தே மிகுந்த பிசினைக் கொண்டது. நாரும் பிசினும் நீரும் கூடிய இடத்தில் எண்ணெய்க்குத் தேவையிருக்கவில்லை. இவ்வமைப்பைப் பிற்காலத்தில் மனிதன் செயற்கையாக ஆக்கிக்கொண்டான்.

மசகின் தொழிற்பாடு அறிவியல் முறையில் விளங்கியது 1883ஆம் ஆண்டின் பின்னரேயாம். அவ்வாண்டில் பீச்சம் ரவர் என்பவர், இங்கிலாந்தின் இயந்திரப் பொறியியலாளர் நிறுவனத்துக்காகப் போதிகைகளைச் சோதித்தார். போதிகையின் மேற்புறத்தே இட்ட துளையினூடாக எண்ணெய் பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், அது வெளியே தள்ளப்பட்டது. மரமுளையால் அடைத்தார், அதுவும் நிற்கவில்லை. அமுக்கமானியைப் பொருத்திப் பார்த்தபோது, சதுர அங்குலத்துக்குச் சராசரி 100 இறாத்தல் சுமையுடைய போதிகையில் 200 இறாத்தலுக்கு மேற்பட்ட அமுக்கம் காணப்பட்டது. சுழலும் அச்சு பாய்மத்தை ஆப்புப்போன்ற இடைவெளிக்குள் இழுத்துச் செல்ல, அங்கு எழும் அமுக்கமே அச்சைத் தூக்கி நிறுத்துகின்றது என்பதை ஒஸ்போர்ன் றெயினோல்ட்ஸ் 1886இல் கணித முறையால் நிறுவினார். மசகிடற்குரியது எண்ணெய் என்னும் பெயரன்று, பாய்மப்படலமே என்பது இதனால் தெளிவாயிற்று.

பெல்சியத்திற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய லியோ பேக்லண்ட், பீனோலையும் போமல்டிகைட்டையும் சேர்த்து ஆக்கிய 'பேக்லைற்' என்னும் பிசினை 1909இல் உலகுக்கு அறிவித்தார். அப்பிசின் தனித்த நிலையில் நொறுங்கும் இயல்பினது. ஆயின் பருத்தித் துணியின் மடிப்புகளை அதனுள் தோய்த்து, வெப்பமும் அமுக்கமும் கொடுத்து இறுக்கியபோது, அடியைத் தாங்கும் உறுதியான பொருள் கிடைத்தது. ஓசை குறைந்த பற்சில்லுகள் அதிலிருந்து செய்யப்பட்டன. 1930களில் உருக்கை உருட்டித் தகடாக்கும் ஆலைகளில், பேருருளைகளைத் தாங்கும் வெண்கலப் போதிகைகளின் இடத்தை அது பெறலாயிற்று. கிறீசு இட்ட இடத்தில் நீர் பாய்ந்தது. உராய்வினால் வீணாகிய வலுவும் குறைந்தது.

எண்ணெயிலும் பாகுநிலை மிகக் குறைந்த நீர், அத்துணைப் பெருஞ்சுமையைத் தாங்கியது எங்ஙனம்? விடை போதிகையின் மென்மையிலேயே உள்ளது. உலோகம் விட்டுக்கொடாது, மெல்லிய நீர்ப்படலம் கிழிந்து உலோகம் உலோகத்தைத் தொடும். பிளாத்திக்கோ சுமையின்கீழ்ச் சற்றே உள்வாங்கி, தாங்கும் பரப்பை விரித்து அமுக்கத்தைப் பகிர்ந்தளிக்கும். அதனால் மெல்லிய படலமும் நிலைபெறும்.

இந்நன்மையோடு ஒரு குறையும் பிறந்தது. இப்பொருளின் வெப்பங் கடத்தும் ஆற்றல் உருக்கினதில் நூற்றிலொரு பங்குக்கும் குறைவானது. உலோகப் போதிகையில் வெப்பம் சுவர்வழியே வெளியேறும். இங்கோ அதற்கு வழியில்லை. எனவே மசகாகிய நீரே வெப்பத்தையும் சுமந்து செல்லல் வேண்டும். ஒரே நிறையுடைய எண்ணெயைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு வெப்பத்தை நீர் ஏற்கும் என்பது இங்கு பெருந்துணையாயிற்று. ஆயின் நீரோட்டம் தடைப்படின் பிசின் கருகும். அன்றியும் பருத்தி நார் நீரை உறிஞ்சிப் பருக்குமாதலால், உலோகத்துக்கு விடும் இடைவெளியிலும் கூடிய இடைவெளி விடல் வேண்டும். பழைய அளவுகளை அவ்வாறே புதிய பொருளுக்குக் கையாளின் அச்சு இறுகிப்போகும்.

குறைகளை நீக்கும் நோக்குடன் நார்கள் மாறின. வெப்பந்தாங்கும் கல்நார் சேர்க்கப்பட்டது. அதன் தூசு தொழிலாளரின் நுரையீரலைக் கெடுத்தமையால், ஐக்கிய இராச்சியம் 1999இல் அதனை முற்றாக விலக்கியது. கண்ணாடிநார் வலிமை மிக்கதாயினும், தேய்வினால் வெளிப்படும் அதன் முனைகள் அச்சையே அராவக்கூடியன. 1960களில் விருத்திபெற்ற காபன்நார், வலிமையோடு வெப்பங் கடத்தும் ஆற்றலையும் தந்தது. றோய் பிளங்கெற் 1938இல் தற்செயலாகக் கண்ட ரெப்லோன், நாராகவும் துகளாகவும் பிளாத்திக்கோடு கலக்கப்பட்டபோது, பாய்மமின்றியே இயங்கும் போதிகைகள் தோன்றின. மசகு வெளியிலிருந்து ஊற்றப்படாது, பொருளின் உடலிலேயே உறையலாயிற்று.

இருபதாம் நூற்றாண்டிற் பல கப்பல்கள் மரத்தைக் கைவிட்டு, எண்ணெய் அடைத்த உலோகப் போதிகைகளை மேற்கொண்டிருந்தன. அவ்வெண்ணெய் கசிந்து கடலை மாசுபடுத்தியது. கடல்நீரைத் தொடும் உறுப்புகளுக்குச் சூழலுக்கு ஊறு குறைந்த மசகையே இயன்றவரை பயன்படுத்தல் வேண்டுமென அமெரிக்கா 2013இல் விதித்தது. அதன் பின்னர், நீரால் மசகிடப்படும் செயற்கைப் போதிகைகளின்பால் கப்பல் கட்டுவோரின் கவனம் மீண்டும் திரும்பியது. ஜோன் பென் கடல்நீரைப் பாயவிட்ட அதே இடத்துக்கு நீர் மீண்டது.

ஒரு பொருளுக்கு ஊறு செய்வது மற்றொன்றுக்கு உறுதுணையாகலாம். பொருள் மாறின் மசகும் மாறும்; அளவும் மாறும். இதனை உணராது, பழகிய முறையையே யாண்டும் கையாண்டவரின் பொறிகள் கருகின. பொருளின் இயல்பை முதலில் வினவியவரின் பொறிகள் ஓடின.