கொடைக்கானலின் பழைய வாசல் - வெள்ளகெவி

கொடைக்கானல் போகிறவர்கள் வத்தலக்குண்டு வழியாக பஸ்ஸில் ஏறி, வெள்ளி நீர்வீழ்ச்சியில் இறங்கி போட்டோ எடுத்துக்கொண்டு ஊர் போய்ச் சேருவோம். இந்த ரோட்டுக்கு நூறு வயதுக்குக் கொஞ்சம்தான் கூட. அதற்கு முன்னால்?

நடைதான்! பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய 6,000 அடி ஏற்றம். அந்த நடைவழிகளில் ஒன்றில், கும்பக்கரைக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் சின்ன ஊர்தான் வெள்ளகெவி.

1821-ல் பழனி மலையை அளக்க வந்த லெப்டினன்ட் பி.எஸ். வார்டு, குன்னுவர்கள் வாழ்ந்த இந்த ஊரில் தங்கித்தான் மேலே ஏறினார். கொடைக்கானலில் முதல் பங்களாக்கள் எழுந்தது 1845-ல். மதுரையின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பயந்து வந்த அமெரிக்கப் பாதிரியார்கள் கட்டியவை. ஆக, கொடைக்கானல் என்ற நகரத்தைவிட வெள்ளகெவி மூத்தது. சுற்றுலாக் கையேடுகளில் இதைத் தேடினால் கிடைக்காது என்பது வேறு விஷயம்.

துரைமார்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் நாற்காலியிலும் டோலியிலும் உட்கார்ந்து மலையேறினார்கள். தூக்கியது கூலியாட்கள். பெட்டி, படுக்கை, சமையல் சாமான் எல்லாம் தலைச்சுமை.

1875-ல் கர்னல் லா ஒரு வண்டிப்பாதையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே பெரும் பஞ்சம்; வேலை நின்றுபோனது. கடைசியில் 1916 வாக்கில்தான் அதில் மோட்டார் வண்டிகள் ஏறின. அதோடு பழைய நடைவழிகளில் ஆள் நடமாட்டம் குறைந்தது. புது ரோடு மலையின் வேறு பக்கமாகப் போனதால் வெள்ளகெவி தனியாக நின்றுவிட்டது.

ஊரைச் சுற்றி காப்பி, வாழை, ஆரஞ்சு, அவகாடோ. விளைந்ததைக் குதிரை முதுகில் ஏற்றி அனுப்புவார்கள். வீடுகளுக்கு நடுவே கோயில்கள் நெருக்கமாக இருப்பதால் ஊருக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை. வெளியாட்களும் எல்லையிலேயே கழற்றிவிட வேண்டும். மலையேற வந்த நகரத்துப் பையன்கள் வட்டக்கானலிலிருந்து விலையுயர்ந்த ஷூவோடு இறங்கி வந்து, இங்கே அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பார்கள்!

ரோடு கேட்டு இந்த மக்கள் பல தேர்தல்களைப் பார்த்துவிட்டார்கள். சுற்றிலும் காடு என்பதால் வனத்துறை அனுமதி என்ற முடிச்சும் உண்டு. இந்த நூற்றாண்டு பிறந்த பிறகும், பிரசவ வலி வந்த பெண்ணையும் நெஞ்சுவலி வந்த பெரியவரையும் கம்பில் போர்வையைத் தொட்டிலாகக் கட்டி, அதே காட்டு வழியில் தோள் மாற்றி மாற்றித் தூக்கிப் போனார்கள். அதற்கும் பெயர் டோலிதான்.