வேலையின்மை, அரசு, 'குற்றம்': இலங்கை இளைஞர் வரலாற்றில் ஒரு நோக்கு

1

இளைஞர் மத்தியில் வேலையின்மை பெருகுமிடத்துக் குற்றச்செயல்களும் பெருகும் என்பதும், ஆட்சி தளர்வுறுமிடத்து மக்களின் பாதுகாப்பும் தளர்வுறும் என்பதும் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கூற்றுகளாகும். பத்திரிகைத் தலையங்கங்களும் மேடைப் பேச்சுகளும் இவற்றை மீண்டும் மீண்டும் எடுத்துரைத்து வந்துள்ளன. இக்கூற்றுகளில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் வரலாற்று மாணவர் என்ற வகையில் நாம் இவற்றை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கு முன்னர் இரு வினாக்களை எழுப்புதல் அவசியமாகின்றது. ஒன்று, வேலையற்றோர் அனைவரும் ஒரே வகையில் நடந்துகொள்ளாமைக்குக் காரணம் யாது? மற்றொன்று, ஒரு செயலுக்குக் 'குற்றம்' என்று பெயரிடும் அதிகாரம் யாரிடத்து இருக்கின்றது? இவ்விரு வினாக்களையும் மனங்கொண்டு, 1971 ஏப்ரல் கிளர்ச்சியை மையமாக வைத்து எமது நாட்டின் அனுபவத்தை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டாவது வினா புதியதன்று. மாவனல்லைப் பகுதியில் உத்துவன்கந்தையைத் தளமாகக் கொண்டு இயங்கிய சரதியேல் 1864 இல் கண்டியில் தூக்கிலிடப்பட்டான். அவனைப் பிடிக்கச் சென்றபோது உயிரிழந்த சபான் என்னும் கொன்ஸ்டபிளைப் பொலிஸ் திணைக்களம் ஆண்டுதோறும் மார்ச் 21 ஆம் நாள் நினைவுகூருகின்றது. கிராமிய வழக்கோ சரதியேலைப் பணக்காரரிடம் பறித்து ஏழைகளுக்கு ஈந்தவனாகவே நினைவுகூருகின்றது. இவ்விரு நினைவுகளும் அருகருகே நிலவுவது குற்றம் என்ற கருத்து சமூகத்தில் ஒருமுகமானதன்று என்பதைக் காட்டும். எரிக் ஹொப்ஸ்போம் 'சமூகக் கொள்ளையர்' எனச் சுட்டிய வகையினரை அளவுக்கு மீறிப் போற்றுவது தவறு; ஆனால் அவர்களை வெறுங் கொள்ளையராக மட்டும் கண்டு ஒதுக்குவதும் தவறே.

இலக்கிய மாணவராகிய எமக்கு இங்கு லெனாட் வூல்ப் 1913 இல் வெளியிட்ட 'கானகத்தில் ஒரு கிராமம்' என்னும் பொருள்படும் ஆங்கில நாவல் நினைவுக்கு வருகின்றது. அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராகவும் நீதவானாகவும் கடமையாற்றிய ஒருவர் எழுதியது அது. கிராமத் தலைவனும் வட்டிக்காரனும் சேர்ந்து பொய்த் திருட்டு வழக்குச் சோடிக்க, ஏழை வேட்டுவனான சிலிந்து ஈற்றில் இருவரையும் கொன்றுவிடுகின்றான். வறுமை அவனுக்குப் பிறப்போடு வந்தது. அவனைக் கொலைஞனாக்கியது சட்டத்தின் பெயரால் இழைக்கப்பட்ட அநீதி. வறுமைக்கும் குற்றத்துக்கும் இடையில் ஆட்சி என்றொரு கண்ணி உண்டு என்பதை அந்நாவல் உணர்த்துகின்றது. இவ்விடைக் கண்ணியே எமது ஆய்வுப் பொருளாகும்.

2

குடியேற்ற ஆட்சியின் கீழ் உருவான பெருந்தோட்டப் பொருளாதாரம் தேயிலை, றப்பர், தெங்கு என்னும் மூன்று ஏற்றுமதிப் பொருள்களைச் சார்ந்தே நின்றது. அப்பொருளாதாரத்துக்கு எழுதுவினைஞர் தேவைப்பட்டனர். தொழில்நுட்பவியலாளரும் கைத்தொழில் முயற்சியாளரும் பெருந்தொகையில் தேவைப்படவில்லை. எனவே கல்வி என்பது உத்தியோகத்துக்கான வாயில் என்ற மனப்பாங்கு வேரூன்றியது. "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்னும் யாழ்ப்பாணத்துப் பழமொழி இம்மனப்பாங்கின் சுருக்கமெனலாம். இது தனிமனிதரின் சோம்பலிற் பிறந்ததன்று. வரண்ட நிலத்தையும் சிறு காணித் துண்டுகளையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் அளித்த பாதுகாப்பிலே பிறந்தது.

1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், அதனையடுத்துத் தாய்மொழி மூலம் கற்பிக்கும் முறையும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இவ்வாயிலைத் திறந்துவிட்டன. இது இந்நாட்டு மக்கள் ஈட்டிய பெரும் வெற்றி என்பதில் எமக்கு ஐயமில்லை. 1942 இல் ஆயிரத்துக்கும் குறைவாயிருந்த பல்கலைக்கழக மாணவர் தொகை 1960 களின் நடுப்பகுதியிற் பதினாலாயிரத்தை எட்டியது. கல்வி விரிந்த வேகத்தில் உற்பத்தி விரியவில்லை. ஏற்றுமதிப் பொருள்களின் விலை வீழ்ந்தது. அந்நியச் செலாவணி வற்றியது. வாயில் திறந்திருந்தது, உள்ளே இடமிருக்கவில்லை.

1971 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி தொழிற்படையில் 18.7 வீதத்தினர் வேலையற்றோராயிருந்தனர். அவ்வாண்டிலேயே டட்லி சீயர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் தாபனக் குழு, கிடைக்கும் வேலைகளும் இளைஞரின் எதிர்பார்ப்புகளும் பொருந்தாமையைப் பிரச்சினையின் மையமாகக் கண்டது. அக்குழுவின் அறிக்கை பயனுடையதே. ஆயினும் 'எதிர்பார்ப்பு' என்பதனை அது உருவான வரலாற்றிலிருந்து பிரித்து நோக்கினால், பிரச்சினை இளைஞரின் மனத்தில் இருப்பது போன்ற தோற்றம் ஏற்பட்டுவிடும். கார்ல் மார்க்ஸ் 'ஒப்பீட்டு உபரிச் சனத்தொகை' என்று விளக்கியதன் ஒரு வடிவமே இது என்பது எமது கருத்து. ஆயின் ஐரோப்பாவிற் போல் ஆலைகள் வெளித்தள்ளிய கூட்டமன்று இது. ஆலைகளே இல்லாமையால் உள்வாங்கப்படாத கூட்டம்.

இனி, முதலாவது வினாவுக்கு வருவோம். அதே குடிசன மதிப்பீட்டின்படி ஆண்களில் 14.3 வீதத்தினரும் பெண்களில் 31.1 வீதத்தினரும் வேலையற்றிருந்தனர். வேலையின்மை நேரடியாகவே வன்முறையைத் தோற்றுவிக்குமாயின், கிளர்ச்சியாளரிற் கணிசமான பங்கினர் பெண்களாயிருந்திருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ அதற்கு மாறானது. மலையகத்தை நோக்கினும் இதே முடிபுக்கே வருவோம். 1973, 1974 ஆம் ஆண்டுகளிற் பட்டினி தோட்டங்களில் உயிர்களைக் காவுகொண்டது. வறுமையில் எவருக்கும் குறையாத அம்மக்களிடையிலிருந்து 1971 இன் கிளர்ச்சி எழவில்லை. மாறாக, அக்கிளர்ச்சியாளரின் அரசியல் வகுப்புகள் ஐந்தனுள் ஒன்று 'இந்திய விஸ்தரிப்புவாதம்' பற்றியதாயிருந்தது. அது தோட்டத் தொழிலாளரையே ஐயத்துடன் நோக்கியது. ஆகவே வறுமையோ வேலையின்மையோ தனித்து நின்று கிளர்ச்சியை விளக்கமாட்டா.

விடுபட்ட கண்ணி, வேலை வழங்கப்பட்ட முறையாகும். அரசாங்கமே பிரதான தொழில்வழங்குநராயிருந்த நாட்டில், வேலை பெறும் வழி திறமையிலிருந்து பாராளுமன்ற உறுப்பினரின் சிபாரிசுத் துண்டுக்கு மாறியது. 1977 இன் பின்னர் 'தொழில் வங்கி' என்ற பெயரில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஆயிரம் விண்ணப்பப் படிவங்கள் வழங்கப்பட்டபோது, அதுகாறும் மறைவாக நடந்தது ஒழுங்குமுறையாகவே ஆக்கப்பட்டது. சிபாரிசுத் துண்டு கிடைத்தவன் விசுவாசியானான். கிடைக்காதவன் தன் கல்விச் சான்றிதழின் பெறுமதியை மட்டுமன்றி அரசின் நேர்மையையும் ஐயுறலானான். வேலையின்மை ஒருவனை வறியவனாக்கலாம். அநீதியான வேலைப் பங்கீடே அவனை அரசின் பகைவனாக்குகின்றது.

3

1971 ஏப்ரல் 5 ஆம் நாள் மக்கள் விடுதலை முன்னணியினர் எழுபதுக்கும் மேற்பட்ட பொலிஸ் நிலையங்களைத் தாக்கினர். கைதானோரும் சரணடைந்தோருமான 10,192 பேரின் தரவுகளை ஆராய்ந்த கணநாத் ஒபயசேகர, அவர்களிற் பெரும்பாலோர் கிராமத்து மகா வித்தியாலயங்களிற் கற்ற, இருபது வயதை அண்மித்த இளைஞர் எனக் காட்டினார். இலவசக் கல்வியின் பிள்ளைகளே அவர்கள்.

பலவீனமான அரசு என்று நாம் வழங்கும் தொடரின் பொருளை இவ்விடத்திலே மீள்பரிசீலனை செய்தல் தகும். வேலை வழங்குவதிலும் நீதியைப் பங்கிடுவதிலும் பலவீனமாயிருந்த அதே அரசு, அடக்குவதில் அவ்வாறு இருக்கவில்லை. இந்தியா, பாகிஸ்தான், பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் எனத் தம்முள் முரண்பட்ட அரசுகள் யாவும் அதற்கு உதவின. ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர்.

பின்னர் 1972 இல் குற்ற நீதி ஆணைக்குழுக்கள் சட்டம் நிறைவேற்றப்பட்டது. சாதாரண நீதிமன்றங்கள் ஏற்காத, பொலிஸாரிடம் அளிக்கப்பட்ட வாக்குமூலங்களை இச்சட்டம் ஏற்றது. இச்சட்டத்தின் கீழேயே அந்நியச் செலாவணி மோசடிகளும் விசாரிக்கப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது. வேலையற்ற கிராமத்து இளைஞனும் பணத்தை வெளிநாட்டுக்குக் கடத்திய வணிகனும் ஒரே பெயரின் கீழ் வந்தனர். கிளர்ச்சியின் அரசியற் காரணங்கள் யாவும் 'குற்றம்' என்ற ஒரு சொல்லினுள் மறைக்கப்பட்டன. அவ்வேளை இடதுசாரிக் கட்சிகள் அரசாங்கத்திற் பங்காளிகளாயிருந்தன. மார்க்சியத்தைத் தழுவி நிற்கும் நாம் இவ்வுண்மையை மறைத்தலாகாது.

வடக்கிலும் கிழக்கிலும் இதே செயன்முறை வேறொரு வழியில் நிகழ்ந்தது. 1970 ஆம் ஆண்டின் பல்கலைக்கழக அனுமதியில், மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவர் 400 இல் 229 புள்ளிகளும் தமிழ் மொழிமூல மாணவர் 250 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. மொழிச் சட்டத்தினால் உத்தியோகக் கதவு முன்னரே ஒடுங்கியிருந்தது. இப்போது அதற்கு இட்டுச்செல்லும் பாதையும் ஒடுங்கியது. 1976 இல் புத்தூரிலும் 1978 இல் திருநெல்வேலியிலும் மக்கள் வங்கிக் கிளைகள் கொள்ளையிடப்பட்டபோது, அரசு அதனைக் குற்றமென்றது; சமூகத்தின் ஒரு பகுதியோ மௌனத்தால் அதனை ஏற்றது. 1979 இல் மூன்று ஆண்டுகளுக்கெனக் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது.

ஆனால் கதை இவ்வளவில் முடியவில்லை. 1980 களில் இயக்கங்கள் 'சமூக விரோதி' என்று எழுதிய அட்டையைக் கழுத்திற் கட்டி, மின்கம்பங்களிற் பிணைத்துச் சிலரைச் சுட்டுக் கொன்றன. அவர்களுள் சிறு திருடரென்று குற்றஞ்சாட்டப்பட்டோரும் இருந்தனர். அரசினாற் குற்றவாளிகளெனப் பெயரிடப்பட்டோர், பெயரிடும் அதே அதிகாரத்தை விசாரணையின்றித் தம்மிலும் எளியோர் மீது பிரயோகித்தனர். அன்று எமது படித்த வர்க்கத்தினர் அந்த மின்கம்பங்களைக் கடந்து வகுப்புகளுக்குச் சென்றனர். அம்மௌனம் எமது வரலாற்றின் ஒரு பகுதி. அதனைக் கூறாமல் அரசை மட்டும் கண்டிப்பது நேர்மையாகாது.

4

1987 முதல் 1989 வரை தெற்கில் எழுந்த இரண்டாவது கிளர்ச்சியும் அதன் அடக்குமுறையும் பல பத்தாயிரம் உயிர்களைக் கொண்டன. 1989 இல் நியமிக்கப்பட்ட இளைஞர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு 1990 இல் வெளியிட்ட அறிக்கை, நியமனங்களில் அரசியற் தலையீட்டையும் அநீதி பற்றிய இளைஞரின் உணர்வையும் முதன்மைப்படுத்தியது. ஆங்கிலத்தை இளைஞர் 'கடுவ', அதாவது வாள், என்று அழைத்தமையையும் அது பதிவுசெய்தது. நோய் இன்னதென்று அரசே அறிந்திருந்தது என்பதற்கு இவ்வறிக்கை சான்று.

போர் 2009 இல் முடிவுற்றபின் யாழ்ப்பாணத்தில் வாள்வெட்டுக் குழுக்களும் போதைப்பொருளும் பற்றிய அச்சம் வளர்ந்தது. 2016 ஒக்டோபரில் குளப்பிட்டியிற் பல்கலைக்கழக மாணவர் இருவர் பொலிஸாரின் சூட்டுக்கு இலக்காகி இறந்தனர். முதலில் அது வீதி விபத்தெனவே கூறப்பட்டது. 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் மாவட்டச் செயலகத்தின் முன் மாதக்கணக்கில் அமர்ந்திருந்தனர். 2023 டிசெம்பரில் நாடு முழுவதும் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையில் ஏறத்தாழ ஒரு மாதத்துள் 29,000 பேருக்கு மேல் கைதானதை ஐக்கிய நாடுகள் மனித உரிமை நிபுணர் கண்டித்தனர். கைதுகளின் தொகை பாதுகாப்பின் அளவுகோலாகக் கொள்ளப்பட்டது.

வாளேந்திய இளைஞனை நாம் சரதியேலாக்க விரும்பவில்லை. அவனால் வெட்டுண்டோர் பெரும்பாலும் எம் போன்ற சாதாரண மக்களே. அவர்களின் அச்சம் மெய்யானது. 1971 இன் இளைஞனிடம், பிழையானதாயினும், ஓர் அரசியல் இருந்தது. இன்றைய வாள்வெட்டுக்காரனிடம் அதுவும் இல்லை. அரசியலுக்கு இடமில்லாதவிடத்து அதே வெறுப்பு அயலவன்மீது திரும்புகின்றது என்பதே எமது முடிபு.

ஆகவே வேலை வழங்குதல் மட்டும் போதாது. சிபாரிசுத் துண்டின்றி, தரகின்றி வேலை பெறலாம் என்ற நம்பிக்கையும், பொலிஸ் நிலையத்துக்குச் சென்றால் நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் மீளக் கட்டியெழுப்பப்படுதல் வேண்டும். 1990 ஆம் ஆண்டு அறிக்கையை நூலகத்தில் எடுத்துப் படிக்கும் மாணவர், அதிற் கூறப்பட்ட குறைகளைத் தம் வாழ்வில் அடையாளங் காணமுடியாத நாள் வரும்போதே அது வரலாற்று ஆவணமாகும். அதுவரை அது எம்முன் கிடக்கும் விண்ணப்பமே.