ஜூலை 12: ஓர் ஊர்வலமும் ஒரு தெருவும்

ஜூலை 11 இரவு வட அயர்லாந்தின் புரொட்டஸ்டன்ட் பகுதிகளில் சொக்கப்பனை எரியும். சரக்கு ஏற்றும் மரப்பலகைகளை வாரக்கணக்கில் சேர்த்து இளைஞர்கள் அடுக்கி வைத்த கோபுரங்கள். 2022இல் லார்ன் ஊரில் அடுக்கியது 200 அடியைத் தாண்டியது! பல இடங்களில் உச்சியில் அயர்லாந்துக் குடியரசின் மூவர்ணக் கொடி இருக்கும், எரிவதற்காகவே. மறுநாள் காலை கறுப்புக் கோட்டும் பௌலர் தொப்பியும் ஆரஞ்சு நிறத் தோள்பட்டையுமாக ஆண்கள் வரிசையாக நடப்பார்கள். கூடவே புல்லாங்குழல் பாண்டுகள், வெள்ளைக் குதிரையில் ஓர் அரசன் வரையப்பட்ட பட்டுக் கொடிகள். அன்று அரசு விடுமுறை. "பன்னிரண்டு" என்று மட்டும் சொன்னாலே அங்கே எல்லோருக்கும் புரியும்.

பாதி ஊர் ஐஸ்கிரீமும் கையுமாக நின்று வேடிக்கை பார்க்கும். மீதிப் பாதியில் வசதி உள்ள பலர் அந்த வாரம் ஊரிலேயே இருப்பதில்லை. எல்லை தாண்டி டொனிகல் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். ஒரே நாள் ஒருவருக்குத் திருவிழா, பக்கத்துத் தெருக்காரருக்கு ஊரைவிட்டுப் போகும் நாள். ஏன் இப்படி?

குதிரையில் இருக்கும் அரசன் ஆரஞ்சு வம்சத்து வில்லியம், டச்சுக்காரர். 1688இல் இங்கிலாந்தின் கத்தோலிக்க மன்னன் இரண்டாம் ஜேம்ஸை விரட்டிவிட்டு அரியணை ஏறியவர். ஜேம்ஸ் வேறு யாருமல்ல, சாட்சாத் மாமனார்தான். இழந்ததை மீட்க பிரெஞ்சு உதவியோடு ஜேம்ஸ் அயர்லாந்தில் இறங்க, 1690இல் பாய்ன் நதிக்கரையில் மாமனாரும் மருமகனும் நேருக்கு நேர் மோதினார்கள். வில்லியமிடம் சுமார் 36,000 பேர், ஜேம்ஸிடம் சுமார் 24,000. வில்லியம் ஜெயித்தார். ஜேம்ஸ் டப்ளினுக்கு ஓடி, அங்கிருந்து பிரான்சுக்குக் கப்பல் ஏறினார். அவருக்காகச் சண்டை போட்ட அயர்லாந்துக்காரர்களே பிறகு அவருக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.

இதைப் புரொட்டஸ்டன்ட் - கத்தோலிக்கப் போர் என்று மட்டும் சொல்வது பாதி உண்மைதான். வில்லியமின் கூட்டணியில் கத்தோலிக்க ஸ்பெயினும் கத்தோலிக்கப் பேரரசர் லியோபோல்டும் இருந்தார்கள். ஜேம்ஸுக்குப் பின்னால் நின்ற பதினான்காம் லூயியோடு, 1689இல் இறந்த போப் பதினொன்றாம் இன்னொசென்ட் கடைசி வரை மல்லுக்கு நின்றவர். ஐரோப்பாவில் லூயியை அடக்கும் சண்டையின் ஒரு கிளை அயர்லாந்தில் நடந்தது, அவ்வளவுதான்.

தேதியைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. பாய்ன் போர் நடந்தது பழைய நாட்காட்டியில் ஜூலை 1. ஜூலை 12 என்பது அடுத்த ஆண்டு, 1691இல், கால்வே பக்கம் ஆக்ரிம் என்ற இடத்தில் நடந்த வேறொரு போரின் தேதி. உண்மையில் யுத்தத்தை முடிவு செய்தது அதுதான். ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். முதலில் அந்த நாளைத்தான் கொண்டாடினார்கள். 1752இல் பிரிட்டன் நாட்காட்டியை மாற்றி 11 நாட்களைத் தள்ளியபோது பழைய ஜூலை 1 புதிய ஜூலை 12 ஆனது. ஆக்ரிமின் நாற்காலியில் பாய்ன் வந்து உட்கார்ந்துகொண்டது. (கறாராகக் கணக்குப் போட்டால் 1690க்கு 10 நாள்தான் கூட்ட வேண்டும், ஜூலை 11 வரும்!) பாய்னில் இரண்டு ராஜாக்கள் இருந்தார்கள், ஒருவர் ஓடினார். ஆக்ரிமில் வெறும் பிணங்கள். எதைக் கொடியில் வரைவார்கள்?

தேதியே இப்படி என்றால், இந்த விழாவின் உயிர் 1690இல் இல்லை, அதற்குப் பிறகு நடந்ததில் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. வெற்றிக்குப் பின் வந்த தண்டனைச் சட்டங்கள் கத்தோலிக்கர்களை நாடாளுமன்றத்திலிருந்தும் ராணுவத்திலிருந்தும் ஒதுக்கின. நிலம் வாங்கவும் தடை போட்டன. 1688இல் அயர்லாந்து நிலத்தில் சுமார் 22 சதவீதம் கத்தோலிக்கர் கையில் இருந்தது. 1703இல் அது 14 ஆனது. ஆகவே ஒரு பக்கம் "சுதந்திரம் கிடைத்த நாள்" என்பது மறுபக்கம் "நிலம் போன நாள்". இரண்டுமே பொய் இல்லை.

ஊர்வலத்தை நடத்தும் ஆரஞ்சு சங்கம் பிறந்தது நூறு வருடம் கழித்து, 1795இல். ஆர்மா மாவட்டத்தில் இரு மத விவசாயிகளுக்கும் நடந்த கைகலப்பின் முடிவில் ஜெயித்தவர்கள் ஆரம்பித்தது. மறு வருடமே ஊர்வலம் தொடங்கியது, கூடவே ரத்தமும். 1849இல் டாலிஸ் பிரே என்ற இடத்தில் கத்தோலிக்கர்கள் கொல்லப்பட, 1850இல் அரசாங்கம் இத்தகைய ஊர்வலங்களையே தடை செய்தது. 1867இல் தடையை மீறி ஊர்வலம் போன வில்லியம் ஜான்ஸ்டன் என்பவர் சிறைக்குப் போய், 1868 தேர்தலில் பெல்ஃபாஸ்டில் எம்.பி.யாக வெளியே வந்தார்! 1872இல் சட்டமே ரத்து. சண்டை கடலையும் தாண்டியது: 1871 ஜூலை 12 அன்று நியூயார்க் தெருவில் ஆரஞ்சு ஊர்வலத்தை ஒட்டி நடந்த கலவரத்தில் 60 பேருக்கு மேல் செத்தார்கள்.

இந்த விழா என்ன என்று புரிய ஒரே ஒரு தெருவைப் பார்த்தால் போதும். போர்ட்டடவுன் ஊரின் கார்வாகி சாலை. ஊருக்கு வெளியே ட்ரம்க்ரீ குன்றில் ஒரு தேவாலயம். 1807 முதல் ஆரஞ்சுக்காரர்கள் ஜூலையில் ஒரு ஞாயிறன்று அங்கே போய் ஜெபித்துவிட்டு ஊர்வலமாகத் திரும்புவது வழக்கம். தொடங்கிய காலத்தில் வழியெல்லாம் வயல். பிறகு வீடுகள் வந்தன, கலவர ஆண்டுகளில் அங்கே கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைந்தன. பாதை மாறவில்லை, பாதையோரம் மாறிவிட்டது. "தாத்தா நடந்த வழியில் பேரன் நடக்கக் கூடாதா?" என்று ஒரு தரப்பு. "எங்களை ஜெயித்ததை எங்கள் வாசலில் வந்தா மேளம் அடிப்பது?" என்று மறு தரப்பு.

1995இல் போலீஸ் மறித்தது, பிறகு விட்டது. அரசியல்வாதிகள் டேவிட் டிரிம்பிளும் இயன் பெய்ஸ்லியும் கைகோத்து வெற்றி நடை போட்டார்கள். 1996இல் போலீஸ் தடை விதித்தது. நாலு நாள் மாகாணமே பற்றி எரிந்ததும் தடையைத் திருப்பிக்கொண்டு, தெருவாசிகளை அடித்து விலக்கி ஊர்வலத்துக்கு வழி விட்டது. அதிகக் கலவரம் செய்பவனுக்கே தெரு சொந்தம் என்று அரசே எழுதிக் கொடுத்த மாதிரி! 1998இல் புதிதாக வந்த ஊர்வல ஆணையம் அனுமதி மறுத்தது, ராணுவம் தடுப்பு கட்டியது, ஆயிரக்கணக்கானோர் குன்றில் கூடினார்கள். அந்த ஜூலை 12 விடியற்காலையில் பாலிமணி ஊரில் ஒரு கத்தோலிக்கத் தாயின் வீட்டில் பெட்ரோல் குண்டு விழுந்து, தூங்கிக்கொண்டிருந்த மூன்று சிறுவர்கள், அண்ணன் தம்பிகள், எரிந்து போனார்கள். குன்றில் இருந்த கூட்டம் கரையத் தொடங்கியது. எந்தத் தெருவும் மூன்று பிள்ளைகளின் உயிருக்கு ஈடாகாது என்று புரொட்டஸ்டன்ட் போதகர்களே சொன்னார்கள். அதே டிரிம்பிள், அதே ஆண்டில், ஜான் ஹியூமோடு அமைதி நோபல் பரிசு பெற்றார்.

ஜெயித்தவர்கள் ஏன் இவ்வளவு பதறுகிறார்கள் என்ற கேள்வி வரும். பதில் எண்ணிக்கையில் இருக்கிறது. அயர்லாந்துத் தீவு முழுக்கப் பார்த்தால் புரொட்டஸ்டன்ட்கள் என்றுமே சிறுபான்மை. 1921இல் பிரிக்கப்பட்ட வடக்கில்தான் பெரும்பான்மை. அதுவும் போய்விட்டது: 2021 கணக்கெடுப்பில் கத்தோலிக்கப் பின்னணி 45.7 சதவீதம், புரொட்டஸ்டன்ட் மற்றும் பிற கிறிஸ்தவப் பின்னணி 43.5. "நாங்கள் இன்னும் இருக்கிறோம்" என்று மேளம் சொல்கிறது. எதிர்வீட்டில் அது "நீங்கள் தோற்றவர்கள்" என்று கேட்கிறது.

இத்தனைக்கும் எல்லைக்கு அந்தப் பக்கம், அயர்லாந்துக் குடியரசின் டொனிகலில், ரோஸ்னோலா என்ற கடற்கரை ஊரிலும் ஆரஞ்சு ஊர்வலம் உண்டு. பன்னிரண்டுக்கு முந்தைய சனிக்கிழமை நடப்பது. அதே தோள்பட்டை, அதே பாண்டு, அதே வெள்ளைக் குதிரை. தடுப்பு இல்லை, ராணுவம் இல்லை. குளிக்க வந்தவர்கள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிடுகிறார்கள். கார்வாகி சாலையிலோ 1997க்குப் பிறகு ட்ரம்க்ரீ ஊர்வலம் போகவில்லை.