போர்வைக்கோவின் இரண்டாவது கால்

கிரேக்க ஜாடிகளில் மல்லர்களை வரைஞ்சு வெச்சிருக்காங்க. தோற்கிறவன் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினா 'போதும்'னு அர்த்தம். அதைப் பார்த்துட்டு, நம்மூர்ல என்ன இருக்குன்னு மாமல்லபுரத்துக்குக் கிளம்பினேன். ஊர் பேரே மல்லன் பேராச்சே! (முதலாம் நரசிம்மவர்மனோட பட்டப்பெயர், ஆட்சி 630-668.)

மகிஷாசுரமர்த்தினி குகையில நின்னுட்டேன். அம்மன் சிங்கத்து மேல முன்னோக்கி வர்றா. எருமைத்தலை அசுரன் உடம்பைப் பின்னால சாய்ச்சிருக்கான், ஆனா ரெண்டு கையிலும் கதையை விடலை. அருமையான சிற்பம். ஆனா பிடி போட்டுக் கட்டிப் புரளும் மல்லு இதில்லை.

அது புறநானூற்றுல இருக்கு. 80ஆம் பாட்டு. சாத்தந்தையார், போர்வைக்கோப் பெருநற்கிள்ளியைப் பாடினது. ஆமூர் மல்லனைக் கிள்ளி சாய்ச்சுட்டான். ஒரு கால் அவன் மார்பு மேல. மறுகால் அவன் போடுற தந்திரத்தைத் தடுத்து முதுகுப் பக்கம் வளைஞ்சிருக்கு. அப்புறம் பசியோட மூங்கிலை ஒடிக்கிற யானை மாதிரி தலை, கால் ரெண்டு முனையையும் தாக்குறான்.

பொங்கலுக்குக் கரும்பு ஒடிச்சிருக்கீங்களா? நடுவுல முழங்கால், ரெண்டு ஓரத்துலயும் கை. ஓரம் எவ்வளவு தள்ளி இருக்கோ அவ்வளவு சுலபமா முறியும். அதே நெம்புகோல் கணக்கு!

புலவர் சும்மா உயர்த்திப் பாடியிருப்பார்னு தம்பி சொன்னான். சேக்காடு மொட்டை மாடியில பாய் விரிச்சு சோதனை. மார்புல முழங்காலை மட்டும் வெச்சேன். இடுப்பைத் தூக்கி ஒரே புரட்டு, நான் தண்ணித் தொட்டி ஓரத்துல கிடந்தேன். அடுத்து மறுகாலை முதுகுக்கு அடியில விட்டு வளைச்சேன். பய அசையலை. புரள்றதுக்குத் தூக்கவேண்டிய இடமே பூட்டிக்கிட்டது. முனைகளைத் தாக்கலை, அம்மா கத்துனாங்க.

இது நேர்ல பார்த்தவர் எழுதினதுதான்னு அப்பத்தான் நம்பினேன். இதே புலவர் 82ஆம் பாட்டுல இந்தப் போரோட வேகத்தைக் கட்டில் பின்னுறவன் கை ஊசியோட ஒப்பிடுறார். ஊர்ல திருவிழா, வீட்ல மனைவிக்குப் பிரசவ வலி, மழை வேற, பொழுதும் சாயுது. ஊசி எப்படிப் பறக்கும்!

கிள்ளிக்கும் அப்பா தித்தனுக்கும் ஆகாது. அவர் மெச்சினாலும் சரி, மெச்சாட்டியும் சரி, இந்தப் பிடியை வந்து பார்க்கணும்னுதான் 80ஆம் பாட்டுல புலவர் ஆசைப்படுறார். தித்தன் பார்த்தாரான்னு பாட்டுல இல்லை.