பீட் கிரிஃபித்ஸின் கத்தோலிக்க இறையியல் எழுத்துகளில் கோட்பாட்டு வளர்ச்சி

முன்னுரை

குளித்தலைக்கு அருகே, காவிரிக் கரைத் தண்ணீர்ப்பள்ளியிலுள்ள சாந்திவனத்தில் 1968 முதல் 1993இல் மறையும் வரை வாழ்ந்தவர் பீட் கிரிஃபித்ஸ். ஆங்கிலிக்கன் திருச்சபையில் வளர்ந்து கத்தோலிக்கரான இவர், கிறித்தவ இறையியலை வேதாந்தத்தின் துணையோடு விளக்கினார். இதனைக் கத்தோலிக்க மரபினின்று விலகல் என்று ஒரு சாராரும், மதமாற்ற உத்தி என்று மற்றொரு சாராரும் மதிப்பிட்டனர். அவரைக் கத்தோலிக்கராக்கிய கருத்தே அவர்தம் இந்திய எழுத்துகளுக்கும் அடிப்படை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

நியூமனின் தாக்கம்

1906இல் இங்கிலாந்தில் பிறந்த கிரிஃபித்ஸ், ஆக்ஸ்ஃபோர்டில் சி. எஸ். லூயிஸிடம் பயின்றார். ஆங்கிலிக்கன் குருப்பணியை நாடியிருந்த அவரைத் திசைதிருப்பியதில், கிறித்தவக் கோட்பாட்டின் வளர்ச்சி குறித்து ஜான் ஹென்றி நியூமன் 1845இல் வெளியிட்ட நூலுக்குப் பெரும்பங்குண்டு. நியூமனும் அவ்வாண்டிலேயே ஆங்கிலிக்கன் சபையிலிருந்து கத்தோலிக்கரானவர். கோட்பாடு தன் இயல்பு மாறாமல் வரலாற்றில் வளர்கிறது என்பது அவர் வாதம். 1932 டிசம்பர் 24 அன்று கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்த கிரிஃபித்ஸ், பின்னர் பெனடிக்டின் துறவியானார். இம்மாற்றத்தை விவரிக்கும் 'தி கோல்டன் ஸ்ட்ரிங்' 1954இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் இந்தியா வந்தார்.

சச்சிதானந்தமும் திரித்துவமும்

நைசீயப் பொதுச்சங்கம் (325), மகன் தந்தையோடு 'ஒரே பொருளானவர்' என்று வரையறுக்க, விவிலியத்தில் இல்லாத கிரேக்கச் சொல்லை ஏற்றது. கிரேக்கத்திற்கு இது தகுமெனில் வேதாந்தச் சொல்லாட்சிக்கும் தகும் என்பது கிரிஃபித்ஸ் நிலைப்பாட்டின் உட்கிடை. தந்தையைச் சத்தாகவும், மகனைச் சித்தாகவும், தூய ஆவியாரை ஆனந்தமாகவும் காணும் மரபு பிரம்மபாந்தவ உபாத்தியாயரின் 1898ஆம் ஆண்டு வடமொழிப் பாடலிலேயே உண்டு. அவரும் 1891இல் ஆங்கிலிக்கன் திருமுழுக்குப் பெற்று, அவ்வாண்டிலேயே கத்தோலிக்கரானவர். மோன்ஷனனும் ஆன்றி லெ சோவும் 1950இல் நிறுவிய சாந்திவனத்தின் மற்றொரு பெயர் சச்சிதானந்த ஆசிரமம்.

எனினும் கிரிஃபித்ஸ் அத்வைதத்தை அப்படியே ஏற்கவில்லை. இயேசு தம்மைத் தந்தை என்று கூறவில்லை. தாமும் தந்தையும் ஒன்று என்றே கூறினார். ஆகவே அங்குள்ளது உறவு அழியாத ஒருமை என்பது அவர் விளக்கம். மாமல்லபுரத்துத் திரிமூர்த்தி குகையில் மூன்று தெய்வங்களுக்கும் தனித்தனிக் கருவறைகள் உள்ளன. சாந்திவன ஆலயக் கோபுரத்திலோ திரித்துவம் ஒரே உருவில் மூன்று முகங்களாக அமைந்துள்ளது. வேறுபாடும் ஒருமையும் ஒருங்கே நிற்கும் இவ்வடிவம் மேற்கண்ட விளக்கத்தோடு பொருந்துகிறது.

எதிர்வினைகள்

கீழைத் தியான முறைகள் குறித்து 1989இல் வத்திக்கான் எச்சரித்தது. கிரிஃபித்ஸ் அதனை விமர்சித்தார். கத்தோலிக்க ஆசிரமங்கள் மதமாற்றக் கருவிகள் என்று சீதாராம் கோயல் 1988இல் எழுதினார். இந்தியக் கிறித்தவ இறையியல் பிராமணிய மரபையே சார்ந்துள்ளது எனும் அர்விந்த் நிர்மலின் விமர்சனம் வேறுவகையானது. நியூமன் வழி முதலாவதற்கு விடை தருகிறது; கோட்பாட்டையே வளர்க்க முனைந்த எழுத்தை வெறும் உத்தியாகச் சுருக்க இயலாது என்பதால் இரண்டாவதற்கும் ஓரளவு விடையாகிறது. மூன்றாவதற்கு விடையில்லை. சாந்திவன வழிபாட்டில் தமிழ் நூல்களும் இடம்பெற்றன. ஆயினும் 'வேதாந்தமும் கிறித்தவ நம்பிக்கையும்' எனப் பொருள்படும் 1973ஆம் ஆண்டு நூலிலும், 1987இல் வந்த கீதை உரையிலும் வடமொழி மரபே மூலம்.

முடிவுரை

கிரிஃபித்ஸின் வேதாந்த விளக்கம் அவர்தம் மனமாற்றத்தின் மறுப்பன்று, அதன் தொடர்ச்சி. ஆனால், எம்மொழியில் கோட்பாடு வளர வேண்டும், அது யாருடைய மொழி என்னும் வினாவை அவர் இறுதிவரை நடத்திச் செல்லவில்லை. தமிழ்நாட்டில் கால் நூற்றாண்டு வாழ்ந்தவரின் இறையியலில் தமிழ்ப் பக்தி மரபும் ஒடுக்கப்பட்டோர் வழக்காறுகளும் மூலங்களாகாதது, அவர் ஏற்ற நியூமன் அளவுகோலாலேயே ஒரு குறையாகும்.