பஞ்ச வருஷத்துக் காடை



மழை பொய்த்த வருஷத்திலே இளவட்டங்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "காடை பிடிக்கணும்னா எந்தப் பக்கம் போகணும்?" கொல்லையிலே வேலை இல்லை, ஏரியிலே தண்ணி இல்லை, கையும் சும்மா இருக்கிறது. கேட்கத்தான் தோன்றும். நம்ம ஆரணிச் சீமையிலே இந்தக் கேள்விக்குப் பின்னாலே நீண்ட சரித்திரம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பதிலும் தானாகவே விளங்கும்.

முதலில், காடை என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே பறவை அல்ல. மழை விழுந்து புல் தழைத்ததும் வந்து கூவுகிற மழைக்காடை ஒன்று. அதில் சேவலுக்கு மார்பிலே கறுப்புத் திட்டு இருக்கும். பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வந்து போகிற காடை இன்னொன்று. கல்லுக்கரட்டிலும் புதரிலும் வருஷம் முழுக்கக் கூட்டமாகத் திரிகிற புதர்க்காடை மூன்றாவது. நாலாவது ஒன்று உண்டு, அதற்குக் காலிலே மூன்றே விரல், பின்விரல் கிடையாது. அதிலே பெட்டைதான் பெரிசு, கூவுவதும் பெட்டைதான். அடைகாத்துக் குஞ்சை வளர்ப்பது சேவலின் வேலை! பறவை நூலார் இதைக் காடை இனத்திலேயே சேர்ப்பதில்லை. நமக்கென்னவோ நாலும் காடைதான்.

சங்க காலத்துத் தமிழர் காடையைக் குறும்பூழ் என்றார்கள். கோழிச்சண்டை போல அன்று குறும்பூழ்ச் சண்டையும் நடந்தது. கலித்தொகையில் மருதக்கலிப் பாட்டு ஒன்று அதைப் பேசுகிறது. ஆக, காடையைப் பிடிப்பதும் வளர்ப்பதும் நேற்று வந்த பழக்கமில்லை.

இனி நம்ம பக்கத்துச் செய்திக்கு வருவோம். ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு வழியாகப் போனால் செஞ்சி. சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் இந்தியாவுக்கு வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, 1782-ல் ஒரு பயண நூல் வெளியிட்டார். அதிலே ஒரு பறவையைச் 'செஞ்சியின் சிறு காடை' என்று எழுதி வைத்தார். அந்தக் குறிப்பை வைத்து, 1789-ல் கிமெலின் என்ற ஜெர்மானியர் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். சோழமண்டலம் என்ற நம் பெயர்தான் ஐரோப்பியர் வாயிலே கோரமண்டல் ஆனது. அந்தக் கோரமண்டலையே பெயரில் சேர்த்தார். அதுதான் நம்ம மழைக்காடை. இன்று உலகம் முழுவதும் பறவை நூல்களில் அது நம்ம சீமையின் பெயரோடுதான் இருக்கிறது.

மழைக்காடை என்று ஏன் சொல்கிறோம்? மழை வந்தால்தான் புல் விதை, மழை வந்தால்தான் பூச்சி, ஈசல். குஞ்சுக்கு முதல் சில வாரம் பூச்சிதான் முக்கியமான தீனி. மழை இல்லையென்றால் இந்தக் காடை நம்ம கொல்லையில் முட்டையிடாது, மழை பெய்த வேறு சீமையைத் தேடிப் போய்விடும். புதர்க்காடை அப்படித் தொலைதூரம் போகிற ஜாதி இல்லை. இருந்த இடத்திலேயே ஒடுங்கிக் கிடக்கும். காலையிலும் சாயங்காலமும் கூட்டம் கூட்டமாக, ஒன்றன் பின் ஒன்றாக, பழகிய ஒரே தடத்தில் தண்ணிக்கு வரும். ராத்திரியில் வட்டமாக உட்கார்ந்து முகத்தை வெளிப்பக்கம் வைத்துக்கொண்டு உறங்கும்.

அப்படியானால் பஞ்ச வருஷத்தில் காடை எங்கே இருக்கும்? கிணற்றுத் தண்ணி பாய்கிற நாலு பாத்திக் கேழ்வரகின் ஓரம், கால்வாய்க் கசிவு, ஏரி உள்வாயில் பசுமை மிஞ்சிய திட்டு, வேலியடி நிழல். அவ்வளவுதான். ஊர் முழுக்கப் பரவியிருந்த பறவை அந்த நாலு இடத்திலே சேர்ந்திருக்கும். புதுசாகப் போகிறவன் கண்ணுக்கு, 'அடேயப்பா, இந்த வருஷம் இத்தனை காடையா!' என்று படும். குட்டை வற்றும்போது மீன் நிறையத் தெரிகிறதே, அந்தக் கதைதான். தெரிவது பெருக்கம் இல்லை, மிச்சம். அடுத்த மழைக்கு முட்டையிட வேண்டிய விதைக்காடை அது. விதைநெல்லைக் குத்திச் சோறாக்கினவன் அடுத்த பட்டத்துக்கு எதை விதைப்பான்?

பசிக்கு முன்னாலே இந்த ஞாயமெல்லாம் நிற்காத காலமும் இருந்தது. 1876-ல் வடகிழக்குப் பருவமழை தவறி, 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் வடாற்காடு ஜில்லாவும் சிக்கியது. ஆரணி அப்போது அந்த ஜில்லாவில் ஒரு ஜாகீர். ரிச்சர்டு டெம்பிள் 1877-ல் நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு சொற்பக் காசும் போதுமென்று கூலியைக் குறைத்தார். அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான கணக்கு. அப்படிப்பட்ட நாளில் ஒருவன் கண்ணி வைத்து ஒரு காடையைப் பிடித்திருந்தால் அவனை யார் குற்றம் சொல்ல முடியும்?

பஞ்சம் அடங்கி ஒரு வருஷம் ஆகவில்லை. 1879 முதல் 1881 வரை ஹியூமும் மார்ஷலும் சேர்ந்து, இந்தியாவின் வேட்டைப் பறவைகளைப் பற்றி மூன்று பாகமாகப் பெரிய நூல் வெளியிட்டார்கள். துரைமார் துப்பாக்கியோடு எந்தப் பறவையை எங்கே தேடலாம் என்பதெல்லாம் அதிலே உண்டு. 1885-ல் காங்கிரஸ் தோன்றக் காரணமாக இருந்த அதே ஹியூம்தான் இவர். ஒரே காடை, ஏழைக்கு ஒரு வாய் கறி, துரைக்குப் பொழுதுபோக்கு.

சட்டம் வந்த வரலாறும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. முட்டையிடும் பருவத்தில் காட்டுப் பறவையை விற்பதற்கு 1887-ல் ஒரு தடைச் சட்டம் வந்தது. ஆனால் அது நகராட்சி, தண்டு எல்லைக்கு மட்டும். 1912-ல் வந்த சட்டம், வேட்டையாடக் கூடாத பருவத்தை அரசு அறிவிக்கலாம் என்றது. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதுகூட, உரிமம் வாங்கிச் சில்லறை வேட்டை ஆட இடம் இருந்தது. 1991 திருத்தத்தில் அந்த வழியும் அடைபட்டது. இன்றைக்குக் காட்டுக் காடையைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். மூன்று வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். 'தெரியாமல் செய்துவிட்டேன் ஐயா' என்றால் வழக்கு நிற்காமல் போகாது.

இதிலே கஷ்டப்பட்டவர்களையும் நினைக்க வேண்டும். துப்பாக்கிக்காரருக்கு ஒரு காலம் உரிமம் வாங்க வழி இருந்தது. கண்ணியும் வலையுமே தொழிலாக இருந்த நரிக்குறவருக்கும் குருவிக்காரருக்கும் மாற்றுத் தொழில் சுலபத்தில் கிடைக்கவில்லை. பலர் மணிமாலை விற்கப் போனார்கள். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2023 ஜனவரியில்தான் வந்தது. பறவையைக் காப்பாற்றினோம், அதை நம்பிப் பிழைத்தவரைக் கவனிக்க நமக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

சரி, காடைக்கறி ஆசையை என்ன செய்வது? அதற்கு வேறொரு காடை வந்திருக்கிறது. ஜப்பானிலே முட்டைக்காக வளர்த்த காடை வம்சம் இரண்டாம் உலகப் போரிலே அழியாத குறையாகி, மிஞ்சியதிலிருந்து மறுபடி பெருக்கப்பட்டது. அந்த ஜப்பானியக் காடை 1974-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. நம்ம தமிழ்நாட்டிலே கால்நடைப் பல்கலைக்கழகம் நந்தனம் காடை, நாமக்கல் காடை என்று நம்ம வெயிலுக்கு ஏற்ற இனங்களை உருவாக்கியது. 2011-ல் இந்தக் காடைக்கும் தடை என்று பண்ணைக்காரர்கள் கலங்கினார்கள். 2013-ல் விலக்குக் கிடைத்தது.

பதினேழு பதினெட்டு நாளிலே குஞ்சு பொரிக்கும். ஐந்து வாரத்தில் கறிக்குத் தேறும், ஏழாவது வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். ஒரு சதுர அடிக்கு ஐந்து பறவை போதும். தறி வீட்டின் பின்கட்டிலே கூட ஒரு கூண்டு வைக்கலாம். ஒன்று மறக்காதீர்கள்: குஞ்சு மிகவும் சிறிசு, தண்ணித் தட்டிலேயே விழுந்து செத்துப்போகும். தட்டிலே கூழாங்கல் போட்டு வையுங்கள். வளர்ப்புக் காடையைக் காட்டிலே மட்டும் விட்டுவிடாதீர்கள், அது காட்டு வம்சத்தோடு கலந்துவிடும்.

காட்டுக் காடைக்கு நாம் செய்ய வேண்டியது அதிகமில்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை நூற்றுக்கு அறுபத்திரண்டு பங்கு குறைந்து, 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டமும் வறட்சி மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டதே, அதுபோன்ற வருஷம் இனியும் வரும். அப்போது வரப்புப் புல்லுக்கு நெருப்பு வைக்காதீர்கள். மல்லாட்டைக் கொல்லை ஓரத்திலே ஒரு முழ அகலம் புதரை விட்டு வையுங்கள். பம்புசெட்டுத் தொட்டியடியில் பறவை இறங்கிக் குடிக்கிற மாதிரி ஆழமில்லாத ஒரு பள்ளம் இருக்கட்டும். மழை வந்து காடை அடையில் உட்கார்ந்தால், இரண்டரை வாரம் அந்த ஓரத்தைத் தொடாமல் விடுங்கள். களை விதையும் கறையானும் வெட்டுக்கிளியும் தின்று அது உங்களுக்குக் கூலி கொடுத்துவிடும்.

தறியிலே ஓர் இழை அறுந்தால் முடிந்துகொள்ளலாம். பாவே அறுந்தால் சேலை ஏது? பஞ்ச வருஷத்தில் மிஞ்சி நிற்கிற காடைதான் நம்ம பாவு. எங்கே காடை இருக்கும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அந்த நாலு இடத்தையும் அதற்கே விட்டுவிடுங்கள்.